அமைப்பு விசார்டில் எதை நிறுத்திக் கேட்பது, எதைக் கேட்காமலே விடுவது

கேள்வி இதுதான்: கணக்கு, பில், சரக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வணிக மென்பொருள். புதிதாகச் சேரும் நிறுவனம் முதலில் நிரப்ப வேண்டிய பக்கத்தில் 60-க்கும் மேல் கட்டங்கள். பலர் நடுவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதை விசார்டாக, அதாவது ஒரு திரைக்குப் பின் ஒரு திரையாகக் கேள்வி கேட்டு நடத்திச்செல்லும் அமைப்பாக மாற்ற வேண்டும். எத்தனை படி வைப்பது, எந்த வரிசையில் வைப்பது, எங்கெல்லாம் கெட்டுப்போகும்?

60 கட்டங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஆறு திரைகளில் அடுக்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். அப்படிச் செய்தால் அதே படிவம்தான் மிஞ்சும். கூடுதலாக ஐந்து முறை 'அடுத்து' அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். திரை வரையத் தொடங்குவதற்கு முன்னால் அந்த 60 கட்டங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். இது தெரியாமல் முதல் பில்லைப் போட முடியுமா? இதைப் பின்னால் மாற்றலாமா, மாற்றினால் என்ன உடையும்? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதன் பதில் இப்போது தெரியுமா?

முதல் கேள்வியிலேயே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். நிறுவனச் சின்னம், பில்லின் அடியில் வரும் குறிப்பு, பிரிண்டர் தேர்வு, நினைவூட்டல் மின்னஞ்சலின் வாசகம் எதுவும் இல்லாமல் பில் போடலாம். இவையெல்லாம் செட்டிங்ஸில் இருக்கட்டும். தேதி வடிவம், எண் வடிவம், நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்கவே தேவையில்லை. நாட்டைச் சொன்னால் முதல் இரண்டும் கிடைத்துவிடும். நேர மண்டலத்தைப் பிரவுசரே சொல்லும். அது தரும் ஐஏஎன்ஏ மண்டலப் பெயரை ('Asia/Kolkata' போன்ற பொதுத்தரப் பெயர்) அப்படியே சேமியுங்கள். '+1:00' என்று மணிக்கணக்கை மட்டும் சேமித்தால், கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டின் ஒரு பகுதி முழுவதும் நேரம் தவறாக வரும்.

கடைசியில் பத்துப் பதினைந்து கேள்விகள் மிஞ்சும். அவற்றுள்ளும் எல்லாம் ஒரே எடை இல்லை. பின்னால் மாற்ற முடியாத சில முடிவுகள் உண்டு: புத்தகக் கரன்சி (கணக்குப் புத்தகம் எழுதப்படும் கரன்சி), கணக்காண்டு தொடங்கும் மாதம், கணக்கு எந்தத் தேதியிலிருந்து இந்த மென்பொருளில் தொடங்குகிறது, சரக்கை மதிப்பிடும் முறை, அளவுக்கு எத்தனை தசம இடம். விசார்டு என்ற ஒன்று தேவைப்படுவதே இந்த ஐந்தாறுக்காகத்தான். மற்றவற்றை முடிந்தவரை சத்தமில்லாமல் கடத்திவிட்டு, இவற்றில் மட்டும் ஆளை நிறுத்திப் பேச வேண்டும். பல விசார்டுகள் தலைகீழாகச் செய்கின்றன. நிறுவனச் சின்னத்துக்கு ஒரு முழுத் திரை இருக்கும். புத்தகக் கரன்சியோ முகவரிக்குக் கீழே ஒரு சின்ன டிராப்டவுனில், அகரவரிசையில் முதலில் வரும் நாட்டின் கரன்சியோடு உட்கார்ந்திருக்கும்.

புத்தகக் கரன்சியையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முதல் பதிவு விழுந்ததும் பேரேட்டில் ஒவ்வொரு வரியும் அந்தக் கரன்சியில் மதிப்பிடப்பட்டுவிடும். பிறகு மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு வரியையும் அந்தந்த நாளின் மாற்று விகிதத்தில் திரும்பக் கணக்கிட வேண்டும். அறிக்கைகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் அதுவும் உதவாது. தசம இடமும் கரன்சியோடு கட்டுண்டது: ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம். எல்லாவற்றுக்கும் இரண்டு இடம் என்று டேட்டாபேஸில் வைத்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் இந்தக் கேள்வி ஒரு திரையில் தனியாக, இப்படி இருக்கட்டும்:

"உங்கள் கணக்குப் புத்தகம் எந்தக் கரன்சியில் இருக்கும்?
முதல் பதிவைச் சேமித்த பிறகு இதை மாற்ற முடியாது. வேறு கரன்சியில் பில் போடுவதற்கோ பணம் வாங்குவதற்கோ இது தடையில்லை."

இரண்டாவது விளக்க வரி ரொம்ப முக்கியம். வெளிநாட்டுக்கு விற்கும் நிறுவனங்கள் 'நாம் டாலரில்தானே பில் போடுகிறோம்' என்று நினைத்துப் புத்தகத்தையே டாலரில் தொடங்கிவிடுகிற தவறு அந்த ஒரு வரி இல்லாததால்தான் நடக்கிறது. நாட்டை வைத்து ஊகித்த கரன்சியை முதலாவதாகக் காட்டலாம், பக்கத்தில் 'நீங்கள் பதிவு செய்துள்ள நாட்டின் கரன்சி' என்று காரணமும் சொல்லலாம். ஆனால் வட்டத்தை நீங்களே நிரப்பி வைக்காதீர்கள். மாற்ற முடியாத முடிவை மனிதர் தன் விரலால் எடுக்க வேண்டும்.

கணக்காண்டுக் கேள்வியில் வேறொரு உத்தி. 'எந்த மாதம் தொடங்குகிறது?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்த உடனே அதன் கீழே 'நடப்பு ஆண்டு: 1 ஜூலை 2025 முதல் 30 ஜூன் 2026 வரை' என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். கேள்வியில் விழும் தவறு பதிலின் விளைவைப் பார்த்ததும் கண்ணில் பட்டுவிடும். பில் எண்ணும் அப்படித்தான். முன்னொட்டு, ஆண்டு, இலக்க எண்ணிக்கை என்று மூன்று கட்டங்களை வைத்து விளக்கம் எழுதுவதைவிட, 'உங்கள் முதல் பில்லின் எண்: 2025-00001' என்று உடனுக்குடன் மாறும் ஒரு வரி அதிகம் புரியவைக்கும்.

எத்தனை படி?

இதற்கு மந்திர எண் கிடையாது. 'ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு' என்ற எண்ணை இங்கே சிலர் இழுத்து வருவார்கள். 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய, அந்த எண் வந்த கட்டுரை, கண்ணெதிரே இல்லாத ஒன்றை மனத்தில் எவ்வளவு பிடித்துவைக்க முடியும் என்பதைப் பற்றியது. திரையில் எழுதியிருக்கும் படிகளை யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை.

உதவக்கூடிய அளவுகோல் வேறு: ஒரு திரை என்பது, ஒரு ஆள் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் சட்டப்பூர்வப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் அதிலிருந்தே எழுதிவிடலாம். ஆகவே அவை ஒரே திரையில், சான்றிதழில் அச்சாகியிருக்கும் அதே வரிசையில் வரட்டும். கணக்காண்டும் மதிப்பீட்டு முறையும் கணக்காளரைக் கேட்டுச் சொல்ல வேண்டியவை. மின்னஞ்சல் டொமைன் விவகாரம் ஐடி பார்க்கும் ஆளிடம் இருக்கிறது. இப்படிப் பதில் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்தால், நடுவில் எழுந்துபோய்த் தாள் தேட வேண்டிய தேவை பாதி குறையும். உங்கள் டேட்டாபேஸ் அட்டவணையை வைத்துப் பிரித்தால் 'வரி' என்ற திரையில் ஒரு கட்டம் சான்றிதழிலிருந்தும் இன்னொன்று கணக்காளர் தலையிலிருந்தும் வர வேண்டியிருக்கும். ஆள் அங்கேதான் நிற்பார்.

பிரிட்டன் அரசின் ஜிஓவி.யூகே தளம் ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம் என்ற முறையைப் பின்பற்றுகிறது. வாழ்க்கையில் ஒருமுறை விண்ணப்பிக்கும் பொதுமக்களுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். வணிக மென்பொருளில் ஒரே தாளிலிருந்து வரும் மூன்று நான்கு கேள்விகளைச் சேர்த்து வைப்பதில் தவறில்லை. மாற்ற முடியாத முடிவுக்கு மட்டும் தனித் திரை என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதே தளத்திடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று வேலைப் பட்டியல் முறை. எந்த வரிசையிலும் செய்யலாம், வெவ்வேறு ஆள் செய்யலாம், பல நாள் ஆகலாம் என்ற வேலைகளுக்கு விசார்டு ஏற்றதல்ல. ஒன்று முடியாததால் மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். எனவே நான்கைந்து திரையுள்ள குட்டி விசார்டில் நிறுவனத்தை உருவாக்கிவிடுங்கள். சரக்குப் பட்டியல் ஏற்றுவது, தொடக்க இருப்பு, மின்னஞ்சல், பிற பயனர்களைச் சேர்ப்பது எல்லாம் அதன் பிறகு முகப்பில் ஒரு பட்டியலாக நிற்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தொடங்கவில்லை', 'பாதியில்', 'முடிந்தது', 'தொடக்கத் தேதி முடிவானதும் திறக்கும்' என்பது போல நிலை தெரியட்டும். உங்கள் 60 கட்டங்களுக்கு என் பரிந்துரை இந்தக் கலவைதான்.

கிளை பிரியும் விசார்டில் 'படி 3 / 9' என்று எண் போடாதீர்கள். சரக்கு உண்டு என்று டிக் செய்ததும் 9 என்பது 11 ஆகும். அதைப் பார்த்தவர் மீதியையும் நம்ப மாட்டார். 'நிறுவனம், கரன்சி, கணக்காண்டு, சரிபார்ப்பு' என்று படிகளின் பெயரையே மேலே காட்டினால் போதும்.

வரிசையும் திரும்பிப் போவதும்

மற்றதைத் தீர்மானிக்கும் கேள்வி முன்னால் வர வேண்டும். நாடு முதலில், அது கரன்சியையும் வரி அமைப்பையும் முகவரிக் கட்டங்களையும் முடிவு செய்கிறது. சரக்கு உண்டா, சேவை மட்டுமா என்பது அடுத்தது. சேவை என்றால் மதிப்பீட்டு முறைத் திரையே வரக் கூடாது.

கடினம் அதில் இல்லை. ஐந்தாவது திரைவரை வந்தவர் திரும்பிப் போய் நாட்டை மாற்றினால் என்ன செய்வீர்கள்? இதை எழுதி வைக்காத குழுக்களின் விசார்டு இரண்டில் ஒன்றைச் செய்யும்: அதற்குப் பிறகு நிரப்பிய எல்லாவற்றையும் சத்தமில்லாமல் அழிக்கும், அல்லது பழைய நாட்டின் வரி விகிதங்களைப் புதிய நாட்டோடு சேர்த்துச் சேமிக்கும். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது முதல் வரித் தாக்கலில்தான் வெளியே தெரியும். சரியான வழி, எது போகும், எது இருக்கும் என்று சொல்வது: 'நாட்டை மாற்றினால் நீங்கள் அமைத்த 3 வரி விகிதங்கள் நீங்கும். பெயரும் தொடர்பு விவரங்களும் அப்படியே இருக்கும்.' நீங்கியவற்றையும் டிராஃப்டில் (இன்னும் முடிக்காத வரைவில்) மறைவாக வைத்திருங்கள். அவர் மனம் மாறிப் பழைய நாட்டுக்கே திரும்பினால் எழுதியது திரும்பக் கிடைக்கும். இறுதியில் சர்வரில் எல்லாப் பதில்களையும் சேர்த்து ஒருமுறை சரிபாருங்கள். திரைக்குத் திரை செய்த சரிபார்ப்பு இந்த முரணைப் பிடிக்காது.

'பின்செல்' அழுத்தினால் தட்டியது எதுவும் தொலையக் கூடாது. பாதி எழுதிய, தவறான மதிப்பும் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் போகிறவரை 'முதலில் இந்தப் பிழையைச் சரிசெய்' என்று மறிக்காதீர்கள். அவர் ஒருவேளை பதில் தேடித்தான் போகிறார். பிரவுசரின் பின்செல் அம்புக்குறியும் இதே வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு படிக்கும் தனி முகவரி இருக்க வேண்டும். முழு விசார்டும் ஒரே முகவரியில் ஓடினால் அந்த அம்புக்குறி ஆளை விசார்டுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிடும்.

'அடுத்து' பட்டனைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முடங்கிய பட்டன் என்ன குறைகிறது என்று சொல்லாது. அழுத்த விடுங்கள், அழுத்திய பிறகு மேலே பிழைகளின் சுருக்கம், அதிலிருந்து கட்டத்துக்கு இணைப்பு, கட்டத்துக்குப் பக்கத்திலேயே செய்தி. 'தவறான உள்ளீடு' என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. 'பதிவு எண்ணில் 12 எழுத்துகள் இருக்க வேண்டும். இதில் 11 இருக்கின்றன' என்றால் உடனே தாளைப் பார்ப்பார். எண்ணுக்கு நடுவே இடைவெளியோ கோடோ போட்டிருந்தால் அதைப் பிழை என்று சொல்லாமல் நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்.

கடைசித் திரையின் பட்டனில் 'முடி' என்று எழுதாமல் 'நிறுவனத்தை உருவாக்கு' என்று என்ன நடக்கப்போகிறதோ அதை எழுதுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்து மைக்ரோசாஃப்ட் வழிகாட்டு நெறிகளே இதைச் சொல்லிவிட்டன. 'இந்த விசார்டுக்கு நல்வரவு, தொடர அடுத்து அழுத்தவும்' என்ற வெற்று முதல் பக்கத்தையும் அப்போதே நீக்கச் சொன்னார்கள். என்னென்ன தாள் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்வது தேவைதான். அதை முதல் கேள்விக்கு மேலே இரண்டு வரியில் சொல்லலாம்.

விட்டுப் போவதும் திரும்பி வருவதும்

அமைப்பு வேலை ஒரே உட்காரலில் முடியும் என்று நினைத்துக் கட்டியதால்தான் பல விசார்டுகளில் ஆட்கள் நடுவில் காணாமல் போகிறார்கள். அவர்கள் வெறுத்துப் போகவில்லை. பெரும்பாலும் கணக்காளரைக் கேட்கத்தான் போனார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் வெறுமையாக இருந்தது.

ஒவ்வொரு படியையும் சர்வரில் டிராஃப்டாகச் சேமியுங்கள். பிரவுசரில் மட்டும் சேமித்தால் வேறு கணினியில் திறக்கும்போது கிடைக்காது. எந்தப் படியில் நிற்கிறார் என்பதை எண்ணாகச் சேமிக்காமல் பெயராகச் சேமியுங்கள். அடுத்த வெளியீட்டில் நடுவே ஒரு படியைச் செருகினால் 'படி 4' என்பது வேறு திரையாகிவிடும். டிராஃப்ட் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். கடவுச்சொல், ரகசிய விசை போன்றவை டிராஃப்டில் போகக் கூடாது. திரும்பி வந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஏன் திரும்பக் கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

'ரத்து' என்ற ஒற்றைப் பட்டனுக்குள் இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. 'பிறகு தொடர்கிறேன்' ஒன்று, 'எழுதியதை அழித்துவிடு' இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் 'வேறொருவரிடம் கேள்' என்ற இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது: மின்னஞ்சல் கொடுத்தால் அவருக்கு அந்த ஒரு திரை மட்டும் திறக்கும் இணைப்பு போகும், மற்ற விவரம் எதுவும் அவர் கண்ணில் படாது. இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் பின்னால் சேமித்தவர் முன்னவரை மிதிக்காமல் இருக்க டிராஃப்டுக்குத் திருத்த எண் வைத்து, யார் எதை மாற்றினார் என்று சொல்லுங்கள்.

சரிபார்ப்புத் திரையில் மாற்ற முடியாதவை மேலே, தனியாக. ஒவ்வொரு வரிக்கும் 'மாற்று'. அதை அழுத்தித் திருத்தியவர் நேரே சரிபார்ப்புத் திரைக்கே திரும்ப வேண்டும். மீதிப் படிகளையெல்லாம் மறுபடி 'அடுத்து, அடுத்து' என்று கடக்க வைப்பது பரவலான குறை. உருவாக்கும் பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு நிறுவனம் உருவாகாமல், ஒவ்வொரு டிராஃப்டுக்கும் ஒரு தனி அடையாளக் குறியை அனுப்பி, அதே குறி மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தரட்டும். 1993-லேயே பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதிய வரம்பு இன்றும் செல்லும்: சுமார் 10 வினாடிக்கு மேல் போனால் மனிதரின் கவனம் நிற்காது. அதற்கு மேல் எடுக்கும் வேலையைப் பின்னணிக்குத் தள்ளி, 'கணக்குத் தலைப்புகள் உருவாகின்றன' என்று உண்மையாக நடப்பதைக் காட்டுங்கள். நடுவில் அறுந்தால், மறுமுயற்சி அறுந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டியல் ஏற்றும் படி

மொத்த அமைப்பிலும் அதிகம் கெடுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர், சரக்கு, தொடக்க இருப்பு எல்லாம் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) வரும். அந்தக் கோப்பு உங்களிடம் வருவதற்கு முன்பே எக்செல்லில் காயப்பட்டிருக்கும்.

'00417' என்ற சரக்குக் குறியீடு 417 ஆகியிருக்கும். 13 இலக்கப் பார்கோடு 4.01234E+12 என்று தெரியும்; அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதே கோப்பிலும் போய், மற்ற இலக்கங்கள் தொலைந்துவிடும். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் காப்பாற்றும். 16-வது இலக்கத்திலிருந்து பூஜ்யம். வங்கிக் கணக்கு எண்கள் இதில் மாட்டும். இவற்றை நீங்கள் மீட்க முடியாது, கண்டுபிடிக்க முடியும்: குறியீட்டுப் பத்தியில் 'E+' தெரிந்தாலோ, 16 இலக்க எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தாலோ ஏற்றுவதை நிறுத்தி, 'இந்தப் பத்தியை உரையாக மாற்றி மூலத்திலிருந்து மறுபடி எடுக்கவும்' என்று சொல்லுங்கள். நீங்கள் தரும் மாதிரிக் கோப்பில் அந்தப் பத்திகளை முன்கூட்டியே உரை வடிவத்தில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை வராது. கோப்பில் சரியாக 65,536 வரி இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லை அது, மீதி வெட்டப்பட்டிருக்கலாம். புதிய வடிவத்தில் எல்லை 10,48,576.

தேதிக்கு ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? பத்தி முழுவதையும் படியுங்கள். எங்காவது முதல் எண் 12-ஐத் தாண்டினால் நாள் முன்னால் வருகிறது என்று தெரிந்துவிடும். எங்குமே தாண்டாவிட்டால் அந்த ஒரு வரியைக் காட்டி ஆளையே கேளுங்கள். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் நாடுகளில் சிஎஸ்வியின் பிரிப்பான் அரைப்புள்ளியாக இருக்கும், 1.234,50 என்பதும் 1,234.50 என்பதும் ஒரே தொகை. பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பு யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் குறியீட்டு முறை) இல்லை. முன்னோட்டத்தில் முதல் பத்து வரியைக் காட்டும்போதே ஆள் அதைக் கண்டுகொள்வார். எனவே முன்னோட்டம் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

பிழையுள்ள வரிகளை என்ன செய்வது என்பதில் இரண்டு விதி வேண்டும். வாடிக்கையாளர், சரக்குப் பட்டியலில் நல்ல வரிகளை ஏற்றிவிட்டு, தவறியவற்றை மட்டும் அதே வடிவக் கோப்பாக, கடைசியில் 'காரணம்' என்ற பத்தியோடு திருப்பித் தாருங்கள். திருத்தி அதையே மறுபடி ஏற்றலாம். தொடக்க இருப்பில் இது ஆகாது. பற்றும் வரவும் சமமாக வேண்டும். எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. வித்தியாசம் வந்தால் 'சமமாக இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பழைய கணக்காளர்களின் கைவித்தையை மென்பொருளுக்கும் கற்றுக்கொடுங்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசத்தில் பாதித் தொகை பட்டியலில் எங்காவது இருந்தால் அந்த வரி பற்றுக்குப் பதில் வரவிலோ, வரவுக்குப் பதில் பற்றிலோ விழுந்திருக்கலாம். அந்த வரியைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் கணக்காளருக்கு ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தொகுதி எண் கொடுங்கள். அதிலுள்ள பதிவுகளை வேறெந்தப் பரிவர்த்தனையும் தொடாதவரை முழுத் தொகுதியையும் ஒரே பட்டனில் திரும்பப் பெறலாம் என்று தெரிந்தால் ஆட்கள் பயப்படாமல் முயன்று பார்ப்பார்கள்.

மின்னஞ்சல் அமைப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதை விசார்டின் நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். மின்னஞ்சல் உண்மையில் அந்த நிறுவனத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைன் பார்க்கும் ஆள்தான் சேர்க்க முடியும், அது பரவ மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை உங்கள் பொது முகவரியிலிருந்து பில் போகட்டும். சோதனை பட்டன் கட்டாயம். அதில் சர்வர் 535 என்ற பிழை எண்ணைத் திருப்பினால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. இணைப்பே கிடைக்காமல் நேரம் கடந்தால் போர்ட்டோ (இணைப்பு வாயில் எண்) ஃபயர்வாலோ தடுக்கிறது, போர்ட் 25-க்குப் பதில் 587 அல்லது 465-ஐ முயலச் சொல்லுங்கள். விளக்கத்துக்குக் கீழே சர்வர் சொன்ன அசல் வரியையும் காட்டுங்கள். ஐடி ஆளுக்கு அதுதான் வேண்டும்.

அணுகல்தன்மையில், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதில், மூன்று விஷயம் விசார்டுக்கென்றே முக்கியமானவை. படி மாறும்போது கீபோர்டு ஃபோகஸ் புதிய திரையின் தலைப்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. பிரவுசர் தாவலின் தலைப்பில் படியின் பெயர் வர வேண்டும். ஒருமுறை கொடுத்த தகவலை அதே செயல்முறையில் மறுபடி தட்டச் சொல்லக் கூடாது. 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறை இதைத் தனி விதியாகவே சேர்த்திருக்கிறது. பதிவு முகவரியும் அனுப்பும் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக் போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எத்தனை பேர் விசார்டை முடித்தார்கள் என்பதை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். கேள்விகளையெல்லாம் தூக்கிவிட்டால் அந்த எண் தானாக ஏறும். பதிவு செய்ததிலிருந்து முதல் உண்மையான பில் போகும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். விசார்டில் நீங்களே நிரப்பிக் கொடுத்தவற்றில் எதை முதல் மாதத்துக்குள் செட்டிங்ஸில் போய் மாற்றுகிறார்கள் என்று பாருங்கள்; அடிக்கடி மாற்றப்படுவது தவறான ஊகம். எந்தத் திரையில் பின்செல் அதிகம் அழுத்தப்படுகிறது என்பதும் பேசும். ஆட்களை வைத்துச் சோதிக்கும்போது முதலாளி, கணக்காளர், ஐடி ஆள் மூவரும் மூன்று இனம். ஒவ்வொரு இனத்திலும் நாலைந்து பேரை, அவர்களுடைய சொந்தத் தாள்களோடும் சொந்த எக்செல் கோப்போடும் உட்கார வையுங்கள். நீங்கள் தயாரித்த மாதிரிக் கோப்பு எப்போதும் சுத்தமாக ஏறும்.

விசார்டு முடிந்த பிறகு அதில் கேட்ட ஒவ்வொன்றும் அதே பெயரில் செட்டிங்ஸில் கிடைக்க வேண்டும். விசார்டில் 'புத்தகக் கரன்சி' என்று கேட்டு, செட்டிங்ஸில் 'அடிப்படை நாணயம்' என்று எழுதினால் தேடுபவர் கண்டுபிடிக்க மாட்டார். மாற்ற முடியாதவையும் அங்கே தெரியட்டும், பூட்டப்பட்ட நிலையில், எந்தத் தேதியில் யார் தேர்ந்தெடுத்தார், எந்தப் பதிவு விழுந்ததால் பூட்டியது என்ற வரியோடு. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மேல் விசார்டை 'மறுபடி இயக்கு' என்று ஒரு பட்டன் மட்டும் வைக்காதீர்கள்; இரண்டாவது கிளையோ புதிய நிறுவனமோ சேர்ப்பவருக்கு, நாடு, வரி விவரங்களை முதல் நிறுவனத்திலிருந்து எடுத்து நிரப்பிய ஒரு புதிய டிராஃப்டைத் திறந்து கொடுங்கள்.